மூன்று அட்டை, ஒரே கையெழுத்து

இரத்தினபுரிக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி, "நல்ல நீலக்கல்லா ஒண்ணு பார்த்து வாங்கிட்டு வாங்க" என்றாள். கல்லைப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அரசாங்கம் ஒரு பொருளை வாங்கியிருந்தால், அதை ஒழுங்காக வாங்கியதா இல்லையா என்று கோப்பை மோந்து பார்த்தே சொல்லிவிடுவேன். திருச்சியில் முப்பத்து மூன்று வருடம் ஒப்பந்தப்புள்ளிப் பெட்டி திறந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு, வளரும் நாடுகளில் அரசுக் கொள்முதல் எப்படி நடக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுகிற வேலை கிடைத்தது. சிமெண்டோ மருந்தோ பள்ளிக்கூடத்து மேசையோ, எதை வாங்கினாலும் யாரிடம், எந்த வழியில் வாங்கினார்கள் என்று துருவ வேண்டும். இந்தத் தடவை இலங்கையின் சபரகமுவ மாகாணம். ஐந்து நாள் வேலை.

கல் வாங்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அதற்கு நேரம் இருந்த ஒரே நாளில் கடைகள் மூடியிருந்தன.

திங்கட்கிழமை காலை இரத்தினபுரியில் நஸீர் வந்து என்னை அழைத்துக்கொண்டார். மாகாண அலுவலகத்தில் அதிகாரி. நாற்பது வயது. வீட்டில் தமிழ், அலுவலகத்தில் சிங்களம், கோபம் வந்தால் இரண்டும். முதல் காரியமாக ஒரு சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனார். தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் வந்தன. சம்பலின் காரம் காது வரை ஏறியது. பிறகு பாலில்லாத தேநீர் வந்தது, பக்கத்தில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியோடு. நான் கருப்பட்டியைத் தேநீருக்குள் போட்டுக் கரண்டியால் கலக்கினேன். கல்லாவில் இருந்தவர் பதறி எழுந்துவிட்டார்.

"சேர், கலக்கப்படாது. கடிச்சிக் கடிச்சிக் குடிக்கணும்."

இன்னொரு துண்டு கொண்டுவந்து வைத்து, நான் கடிக்கிற வரை நின்று பார்த்தார். ஊரில் காபியில் சர்க்கரை ஒரு சிட்டிகை கூடினால் சண்டைக்குப் போகிறவன் நான். அவர் சொன்னபடி கடித்துக் குடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, அதன் ருசியே வேறு.

அங்கிருந்து கேகாலை மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றுக்குப் பேருந்து. பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த அலுவலகத்தில் இருப்பவர்கள் நல்லவர்கள், தலைகுனிய வேண்டியிருந்தவன் நான்தான். வண்டிக்குள் ஓட்டுநர் தலைக்கு மேல் புத்தர், பிள்ளையார் இருவருக்கும் நீல விளக்கு எரிந்தது. அந்த மனிதர் ஓட்டிய வேகத்துக்கு இரண்டு பேரும் தேவைதான். ஒவ்வொரு வளைவிலும் நான் முன் இருக்கையைக் கட்டிப் பிடித்தேன். நஸீர் நிம்மதியாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை கோப்புகள். எனக்கு இதுதான் விருந்து. கொள்முதல் குழுத் தலைவி மெனிக்கே மேடம், வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, அதிகம் பேசாதவர். கேட்ட கோப்பைக் கேட்ட நிமிடத்தில் எடுத்து வைத்தார். எல்லாம் எண்ணிடப்பட்டு, முடிச்சுப் போட்டு, பூச்சி அரிக்காமல் இருந்தன. எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பைத் தேட இரண்டு பேர் அலமாரி மேல் ஏற வேண்டும். எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

அவற்றில் ஒன்று, தெஹியோவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் மதியச் சாப்பாடு. சமைத்துக் கொடுக்க யாராவது முன்வாருங்கள் என்று விலைமனுக் கேட்டிருந்தார்கள். நாலு பேர் போட்டிருந்தார்கள். ஒருவர் நகரத்தில் சமைத்து வேனில் கொண்டு வருகிறவர், இப்போதும் அவர்தான் கொடுக்கிறார். மற்ற மூவரும் அந்தத் தோட்டத்துப் பெண்கள். அவர்கள் மனுவில் சமையலறைக்கான சுகாதாரச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை. பத்து நாளில் அனுப்பச் சொல்லி மூவருக்கும் பதிவுத் தபால் போயிருக்கிறது. போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை அட்டைகளும் திரும்பி வந்துவிட்டன. பதில் மட்டும் இல்லை. எனவே மூன்றும் தள்ளுபடி. ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கதவில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்.

எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறது. 'போட்டியாளருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா' என்ற கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டேன்.

போட்ட கையோடு அந்த அட்டைகளை மறுபடி பார்த்தேன். மூன்று பெயர், மூன்று அட்டை, கீழே ஒரே கையெழுத்து. அதே சாய்வு, அதே சுழி, கடைசியில் அதே இரட்டைக் கோடு.

எனக்கு மூக்கு வியர்த்துவிட்டது. ஊரில் இதை எத்தனை பார்த்திருக்கிறேன்! அண்ணன் பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று, மனைவி பெயரில் ஒன்று என்று ஒரே ஆள் மூன்று மனுப் போடுவான். போட்டி நடந்த மாதிரி இருக்கும், நடந்திருக்காது. மூன்று அட்டைகளையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு மேடத்தின் மேசைக்குப் போனேன். "கூட்டுச் சதி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்" என்றேன். நஸீர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மொழிபெயர்த்தார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்படியானால் மூன்று பேரையும் கறுப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்" என்றார் சிங்களத்தில். "அதற்குப் பிறகு அரசாங்கத்தின் எந்த வேலைக்கும் அவர்கள் மனுப் போட முடியாது. வெள்ளிக்கிழமை மேல்முறையீட்டு நேரம் முடிந்ததும் குழு கூடும். உங்கள் அறிக்கை அதற்குள் வேண்டும்."

தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. நாடே கடையைச் சாத்திக்கொண்டு கோயிலுக்குப் போனது. வெள்ளை உடுத்த கூட்டம் பூத்தட்டோடு போவதை மாடியிலிருந்து பார்த்தபடி, விடுதிக்காரர் கொடுத்த ரம்புட்டானை ஒரு கூடை தின்று தீர்த்தேன். அறிக்கையில் அந்தச் சதியைப் பற்றிய பத்தியையும் எழுதினேன். 'சாட்சியம் ஐயத்துக்கு இடமின்றி உள்ளது' என்று முடித்தேன். எழுதியதைச் சத்தமாகப் படித்துப் பார்த்து நானே ரசித்ததை மறைப்பானேன்.

வியாழக்கிழமை தோட்டத்துக்கே போய் ஆளைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று கிளம்பினேன். மழை விடவில்லை. பாதி வழியில் பேருந்து இருமி, புகைந்து, நின்றது. இறங்கித் தள்ளினோம். எனக்குப் பின்னால் தள்ளிய ஒரு சிங்களக் கிழவர் ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். என்ன என்று கேட்டேன். "நாங்க பஸ்ஸுக்கு டிக்கட் எடுத்தோமா, பஸ் எங்களுக்கு எடுத்திச்சான்னு கேக்கிறார் சேர்" என்றார் நஸீர். அடுத்த பேருந்து வந்து தெஹியோவிட்டவில் இறங்கும்போது மதியம் தாண்டிவிட்டது. ஆட்டோக்காரர் தோட்டத்துப் பாதையில் ஒரு மண்சரிவு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, "இதுக்கு மேல ஏலாது" என்று வண்டியைத் திருப்பினார். ரப்பர் மரங்களுக்கு நடுவே சேற்றில் நடந்தோம். இரத்தம் குடிக்கிற அட்டைகள் இரண்டு என் காலில் குடியேறின. தோட்டத்துக் கந்தோருக்குப் போனால், அதாவது அலுவலகத்துக்குப் போனால், பூட்டியிருந்தது.

எதிரே ஒரு அம்மா வந்தார். தலையில் சாக்குக் கொங்காணி, இடுப்பில் பெரிய அலுமினியச் சட்டி. எங்கள் கோலத்தைப் பார்த்து நின்றுவிட்டார்.

"எங்கேருந்து ஐயா வர்றீங்க? இந்த மழையில கந்தோரு இனிமே தெறக்காதுங்க. சாப்பிட்டீங்களா?"

இல்லை என்பது முகத்திலேயே தெரிந்திருக்கும். பக்கத்திலிருந்த லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, கூட்டிப் போய், கடைசி வீட்டுத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, காலுக்கு உப்பும் கைக்குத் தட்டும் கொடுத்தார். சிவப்பரிசிச் சோறு, பருப்பு, சோயாக் கறி, பொடியாய் நறுக்கிய வல்லாரை மல்லுங். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

"மிச்சம் இருந்ததே நல்லதாப் போச்சு" என்றார். "இன்னைக்கு ரோடு சரிஞ்சதில சாப்பாட்டு வேன் வரல. மழைன்னா அது வராதுங்க. புள்ளைங்க வெறும் வயித்தோட வீட்டுக்கு வந்துரும். அதான் நாங்க மூணு பேருமாச் சேந்து ஆக்கிக் கொண்டுபோய்க் குடுத்தோம். டெண்டரு கெடைச்சா தெனம் இங்கயே ஆக்கலாம். ஆளுக்கொண்ணு போட்டிருக்கோம், இன்னும் ஒரு பதிலும் வரல."

கையிலிருந்த கவளத்தைத் தட்டில் போட்டேன். பெயர் கேட்டேன்.

"செல்வராணி."

பட்டியலில் முதல் பெயர். அறிக்கை என் பையிலேயே இருந்தது. இருந்தாலும் முப்பத்து மூன்று வருடப் பழக்கம் எளிதில் விடாது. யார் நான் என்பதைச் சொல்லி, செல்போனில் அட்டைகளின் படத்தைக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டேன்.

"ஐயையோ, எனக்கு ஏதுங்க இம்புட்டு அழகான கையெழுத்து? இது எங்க கந்தோரு பெரிய கிளாக்கரு போடுறதாச்சே! அவருக்கும் எங்க டெண்டருக்கும் என்னங்க?" என்றவர் சற்று நிறுத்தினார். "எனக்குக் கடுதாசி வந்துச்சா?"

வந்துவிட்டதாகத்தான் அட்டை சொல்கிறது என்றேன். "காலையில பெரட்டுக்கு வாங்க ஐயா, அவரையே கேட்டுருவோம்" என்றார். தெஹியோவிட்டவில் நஸீரின் மாமா கடை மாடியில் அன்று தங்கினோம். குழு கூடப்போவது மறுநாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போதே தோட்டத்தில் இருந்தோம். மழை விட்டிருந்தது. பெரட்டு என்றால் வேலைக்குப் போகிறவர்களைக் கந்தோர் முன்னால் கூட்டிப் பெயர் கூப்பிட்டு, இன்னார் இந்த மலைக்கு என்று அனுப்புவது. பால் வெட்டுகிற கத்தியும் வாளியுமாக எல்லோரும் நின்றார்கள். பெரிய கிளாக்கர் ஒல்லியான மனிதர், மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. பெயர்களைக் கூப்பிட்டு முடித்ததும் உள்ளே போய் ஒரு கட்டுக் கடிதத்தோடு வந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, ஆள் முன்னால் வந்து வாங்கிக்கொண்டது.

லயத்து வீட்டுக்கென்று இங்கே தனி விலாசம் கிடையாது. ஆயிரம் பேர் இருந்தாலும் தபால்காரருக்குத் தோட்டம் ஒரே விலாசம். எல்லாக் கடிதமும் கந்தோருக்கு வரும். பதிவுத் தபால் என்றால் பெரிய கிளாக்கர் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பார். பிறகு பெரட்டில் கூப்பிட்டுக் கொடுப்பார். பல வருட நடைமுறை.

"பெரட்டுக்கு வராதவங்க கடிதம்?" என்று கேட்டேன்.

"செக்ரோல்ல, வேலையாளுங்க பட்டியல்ல, பேர் இல்லாதவங்கள நான் எப்பிடிங்க கூப்பிடுறது?" என்றார் அவர். "முன்ன ஒரு தடவ இன்னொருத்தர் கையில குடுத்தனுப்பி, அது தொலைஞ்சு, ஒரு பையனுக்கு வர வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. அன்னையிலருந்து ஆள் வந்து கேட்டாத்தான் கையில குடுப்பேன். அதுக்கப்புறம் ஒரு கடுதாசி தொலைஞ்சதில்லீங்க."

மேசை இழுப்பறையைத் திறந்தார். ஈரம் படாமல் பாலிதீன் உறையில் சுற்றி, நாடா கட்டி, மூன்று உறைகள். முனை கூட மடங்கவில்லை.

செல்வராணியும் மற்ற இருவரும் பால் வெட்டுவதை விட்டு, செக்ரோலில் பெயரை வெட்டிக்கொண்டவர்கள். சமையல் வேலை பார்க்கிறவர்களைப் பெரட்டில் யார் கூப்பிடுவார்கள்? செல்வராணி தினமும் இந்தக் கந்தோர் வாசலைத் தாண்டித்தான் கடைக்குப் போகிறார். கடிதம் வரும் என்று அவருக்குத் தெரியாது, ஆள் வரும் என்று கிளாக்கர் காத்திருந்தார். எனக்குப் பெரிய கிளாக்கர் மேல் கோபம் வரவில்லை. விதியை மீறாமல் கடிதத்தைப் பத்திரமாக வைத்திருந்த அந்த மனிதரைப் பார்க்கும்போது திருச்சியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. 'பதில் இல்லை' என்று எத்தனை மனுக்களின் மேல் எழுதித் தள்ளியிருப்பேன்! ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டேனா? வெட்கமாக இருந்தது.

"சான்றிதழ் வாங்கவே இல்லையா?" என்று செல்வராணியைக் கேட்டேன்.

"ஏன் வாங்காம? மூணு பேரும் வாங்கிட்டோமே. அடுப்படியில மாட்டியிருக்கு, வந்து பாருங்க."

மாட்டித்தான் இருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் சந்தனம் குங்குமம் வைத்து, மேலே பிளாஸ்டிக் மாலையோடு. அரசாங்கமே என் அடுப்படி சுத்தம் என்று எழுதிக் கொடுத்திருக்கும்போது அதைக் கவரில் போட்டு அனுப்புவார்களா? மற்ற இரண்டு வீட்டிலும் அதே சட்டம், அதே மாலை.

கூட வந்து பார்த்த பெரிய கிளாக்கருக்கு முகம் வெளுத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து, மூன்று பெண்களுக்கும் மேல்முறையீட்டு மனுவைத் தானே சிங்களத்தில் எழுதினார். அதே சாய்வு, அதே சுழி. மூன்று பேரும் தங்கள் கையெழுத்தைப் போட்டார்கள். மணி ஒன்பதைத் தாண்டியது. சரிவைத் தாண்டி ஆட்டோ வராது. ரப்பர் சீட்டுத் தகடுகளை ஏற்றிக்கொண்டு, மேடத்தின் அலுவலகம் இருக்கிற டவுனுக்குப் போகிற தோட்டத்து டிராக்டர் ஒன்றுதான் கதி. ரப்பர் கட்டுகளின் மேல் நான், நஸீர், செல்வராணி, பெரிய கிளாக்கர். மடியில் ஆளுக்கொரு சட்டம், நஸீருக்கு மட்டும் கைப்பிடி. சேற்றில் டிராக்டர் ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் செல்வராணி, "கண்ணாடி, கண்ணாடி" என்று கத்தினார். மனிதர்களைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை.

மெனிக்கே மேடத்தின் அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. புகை போட்ட ரப்பர் வாடை எங்களுக்கு முன்னால் போய்விட்டது. குழுவில் இருந்த ஒருவர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். மாலை போட்ட மூன்று சட்டங்களையும் மேசை மேல் வைத்தோம். மேடம் ஒவ்வொன்றையும் பார்த்தார். எழுந்து நின்று கும்பிடலாமா என்று யோசித்த மாதிரி இருந்தது.

என் பையிலிருந்த அறிக்கையை எடுத்து, எல்லோரும் பார்க்க அந்தப் பத்தியைக் கோடு போட்டு அடித்தேன். "செவ்வாய்க்கிழமை நான் சொன்னது தப்பு. இவர்கள் சதி செய்யவில்லை. கடிதம் இவர்கள் கைக்குப் போகவேயில்லை" என்றேன். மூன்று அட்டையில் ஒரே கையெழுத்து எப்படி வந்தது என்பதைப் பெரிய கிளாக்கர் எழுந்து நின்று தானே சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

செல்வராணி சிங்களத்திலேயே பேசினார், என்னைவிடத் தெளிவாக. நஸீர் என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். "மனுவில போன் நம்பர் கேட்டிருந்தீங்க, எழுதியிருந்தேன். ஒரு கோல் போட்டிருந்தா அன்னைக்கே கொண்டுவந்திருப்பேனே மேடம்."

போனில் சொன்னால் சட்டப்படி செல்லாது என்று ஒருவர் ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் மேசை மேல் இருந்த கண்ணாடிச் சட்டங்களைப் பார்த்தார், நிறுத்திக்கொண்டார். நான் அந்த இடத்தில் புகுந்தேன். கடிதத்தோடு ஒரு போன், தோட்டப் பள்ளிக்கூடத்துப் பலகையில் தமிழில் ஓர் அறிவிப்பு, இரண்டும் போதும், இதற்கு நிபுணர் தேவையில்லை என்றேன். மேடம் குறித்துக்கொண்டார். மனுக்களை வாங்கி முத்திரை குத்தினார். முத்திரையில் மணியும் விழுந்தது, பதினொன்று ஐம்பத்தாறு.

"குழு இப்போதே கூடும். முடிவை எழுத்தில் அனுப்புகிறோம்" என்றவர், விண்ணப்பத்தைப் புரட்டி, வழக்கம்போல் கேட்டார். "எந்த விலாசத்துக்கு?"

பெரிய கிளாக்கர் தரையைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அனுப்ப வேண்டாம் மேடம்" என்றார் செல்வராணி. "நான் வெளிய வாங்குல உக்காந்திருக்கேன். எழுதுங்க, கையில வாங்கிட்டுப் போறேன்."

வெளியே இருந்த மர பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நஸீர் வாங்கி வந்த பணிஸ் ரொட்டியைச் சாப்பிட மாட்டேன் என்றார், வடையைத் தொடவில்லை. மூன்று சட்டங்களையும் மடியில் அடுக்கிப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்திருந்தார். மூன்றரைக்கு மேடம் தானே வெளியே வந்தார். கையில் மூன்று கடிதம். கறுப்புப் பட்டியல் கிடையாது. தள்ளுபடி ரத்து. நாலு மனுவையும் திங்கட்கிழமை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள்.

"அப்ப யாருக்குன்னு இன்னும் முடிவாகலியா?" என்று என்னைக் கேட்டார் செல்வராணி.

"திங்கட்கிழமை தெரியும். நாலு பேரையும் சமமாப் பார்ப்பாங்க."

"பாக்கட்டும். ஆக்கிப் பாத்தா யாரு சோறு நல்லாருக்குன்னு புள்ளைங்களே சொல்லிருமே." கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "திங்கக்கெழமையும் வந்து உக்காந்துக்கிறேன்."

மேடம் செல்வராணிக்கான ஒப்புகை அட்டையை நீட்டினார். பெரிய கிளாக்கரின் கை பழக்கத்தில் பேனாவுக்குப் போனது, பாதியில் நின்றது. பேனாவைத் திருப்பிச் செல்வராணியிடம் கொடுத்தார். அவர் சட்டங்களை என் மடியில் வைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகத் தன் பெயரை எழுதினார். எழுத்துப் பெரிதாக இருந்ததால் கட்டத்துக்குள் அடங்கவில்லை. பாதிப் பெயர் கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. மேடம் அதை அப்படியே கோப்பில் வைத்தார்.